‘ஃபார்மட்’ முதல் மருந்தாகலாமா?

வீட்டுக் கணினி தொடங்கும்போதே உறைந்து நின்றுவிட்டால் நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளே வழங்கப்படுகின்றன. ‘ஃபார்மட் செய்துவிடலாம்’ என்பது ஒன்று. ‘பழசாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்’ என்பது மற்றொன்று. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூருவின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு போன்ற பெரிய சந்தைகளாயினும் சரி, நம் தெருமுனையிலுள்ள சிறிய கடையாயினும் சரி, நோய் என்னவென்று கேட்கும் முன்னரே மருந்தின் பெயர் சொல்லப்பட்டுவிடுகிறது. இந்த வழக்கம் மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து. ஃபார்மட் என்பது கடைசி மருந்து. அதை முதல் மருந்தாகக் கொடுப்பவரிடம் ‘ஏன்?’ என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கேட்பதற்குச் சிறிதளவு அறிவும் வேண்டும்.

வங்கியின் இதழில் கணினிப் பழுதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் எளிது. இன்று பல குடும்பங்களின் பெட்டகம் அந்தக் கணினிக்குள்தான் இருக்கிறது. வைப்புநிதி ரசீதுகளின் நகல்கள், வீட்டுக் கடன் தவணை அட்டவணை, காப்பீட்டுப் பத்திரங்கள், வருமான வரிக் கணக்கின் ஒப்புகைச் சீட்டுகள், பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்கள், இவற்றோடு மறைந்துபோன பெரியவர்களின் புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் ஒரே வன்தட்டில் அடங்கியிருக்கின்றன. பெட்டகத்தின் சாவி சிக்கிக்கொண்டால் பெட்டகத்தையே உருக்கிவிடலாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கணினிக்கு மட்டும் அந்த யோசனையை நாம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

உறைந்ததா, உழைக்கிறதா?

முதலில் தெளிய வேண்டியது, கணினி உண்மையில் உறைந்துவிட்டதா அல்லது மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கிறதா என்பது. ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று நாம் சொல்லும் தருணங்களில் பல, காத்திருக்க வேண்டிய தருணங்களே. விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பாதியில் இருக்கும்போது, பழைய சுழலும் வன்தட்டு உடைய கணினி நெடுநேரம் அதே திரையைக் காட்டிக்கொண்டிருக்கும். பொறுமை இழந்து மின்சாரத்தைத் துண்டித்தால், இல்லாத பழுது உண்டாகிவிடும்.

இதை அறிய இரண்டு எளிய சோதனைகள் உள்ளன. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். அதற்குரிய விளக்கு எரிந்து அணைந்தால் கணினி முற்றிலும் உறைந்துவிடவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டாவதாக, கணினிப் பெட்டியின் முகப்பில் வன்தட்டின் விளக்கு இருந்தால் அதைக் கவனியுங்கள். அது விட்டுவிட்டு மினுக்கினால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. அப்போது அரை மணி நேரமேனும் காத்திருப்பதில் இழப்பு ஏதுமில்லை. விளக்கும் அசையவில்லை, கேப்ஸ் லாக்கும் பதிலளிக்கவில்லை என்றால் மட்டுமே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

எந்த இடத்தில் நிற்கிறது?

கணினி தொடங்குவது ஒரே செயலன்று; ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் பல செயல்களின் வரிசை. மின்சாரம் வந்ததும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருள் விழித்து, நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு ஆகியவை இருக்கின்றனவா என்று வருகைப்பதிவு எடுக்கிறது. அப்போதுதான் தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம் திரையில் தோன்றும். அடுத்து வன்தட்டிலிருந்து இயங்குதளம் ஏற்றப்படுகிறது. இது விண்டோஸ் சின்னமும் சுழலும் புள்ளிகளும் தோன்றும் கட்டம். பின்னர் கடவுச்சொல் திரை. அதைக் கடந்தபின், பயனரின் முகப்புத் திரையும், உடன் தொடங்கும் பல செயலிகளும் வருகின்றன.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே பாதி விடை. தயாரிப்பாளரின் சின்னத்திலேயே நின்றால் சந்தேகம் வன்பொருளின் மீது. புள்ளிகள் சுழலும் கட்டத்தில் நின்றால் வன்தட்டு, இயங்குதளக் கோப்புகள், டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள்கள் ஆகியவற்றின் மீது. கடவுச்சொல் இட்டபின் நின்றால் பெரும்பாலும் உடன்தொடங்கும் செயலிகளின் மீது. இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து ஃபார்மட் என்றால், தலைவலிக்கும் முழங்கால் வலிக்கும் ஒரே அறுவைச் சிகிச்சை என்பது போலாகும். நினைவகப் பலகை சரியாகப் பொருந்தாமல் நிற்கும் கணினியை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் அது மீண்டும் அதே இடத்தில்தான் நிற்கும்.

செலவில்லாத படிகள் முதலில்

சிக்கனமான குடும்பம் எவ்வாறு செலவு செய்யுமோ, அவ்வாறே பழுதுபார்ப்பிலும் வரிசை இருக்க வேண்டும். செலவும் ஆபத்தும் இல்லாதவை முதலில். திரும்பப் பெற முடியாதவை கடைசியில்.

முதற்படி, வெளியில் செருகியுள்ளவற்றை எல்லாம் கழற்றுவது. பென் டிரைவ், அச்சுப்பொறி, வெளி வன்தட்டு, நினைவட்டை, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஆகிய அனைத்தையும் நீக்கிவிட்டு, விசைப்பலகை, சுட்டி, திரை ஆகியவற்றுடன் மட்டும் தொடங்கிப் பாருங்கள். செருகி மறந்த பென் டிரைவிலிருந்து தொடங்க முயன்று கணினி திகைத்து நிற்பது அடிக்கடி நிகழ்வது. கணினி இப்போது எழுந்துவிட்டால், ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிக் குற்றவாளியைக் கண்டறியலாம்.

இரண்டாவது, எஞ்சிய மின்னேற்றத்தை வெளியேற்றுவது. மேசைக் கணினியானால் மின்கம்பியை உருவிவிட்டு, தொடக்கப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பின்னர் மீண்டும் இணைத்துத் தொடங்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் இதுவே சில சமயம் போதுமானது. யு.பி.எஸ். மின்கலம் நலிந்திருந்தாலும் தொடக்கத்தில் தடுமாற்றம் வரலாம். ஒருமுறை நேரடியாகச் சுவர் மின்செருகியில் இணைத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

மூன்றாவது, தேதியைப் பார்ப்பது. தாய்ப்பலகையில் சி.ஆர். 2032 எனப்படும் நாணய வடிவ மின்கலம் ஒன்று இருக்கும். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். அப்போது கணினி தன் அமைப்புகளை மறந்து, தொடங்கும்போதே ஏதேனும் ஒரு விசையை அழுத்தச் சொல்லி நின்றுவிடும். தேதியும் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். தேதி தவறினால் வங்கியின் இணையதளம் உள்ளிட்ட பாதுகாப்பான தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். ‘வங்கித் தளம் திறக்கவில்லை’ என்ற குறைக்கு இந்தச் சிறு மின்கலம் காரணமாக இருப்பதும் உண்டு. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும் பொருள் இது; இதற்காகக் கணினியை மாற்றவேண்டியதில்லை.

நான்காவது, தூசும் வெப்பமும். மின்விசிறி சுழலவில்லை, காற்றுத் துளைகள் தூசால் அடைபட்டுள்ளன என்றால், சில நிமிடங்களிலேயே செயலி சூடேறிக் கணினி நின்றுவிடும். குளிர்ந்திருக்கும்போது நன்றாகத் தொடங்கி, சற்று நேரத்தில் உறைவது இதன் அடையாளம்.

ஐந்தாவது, நினைவகம். மேசைக் கணினியைத் திறந்து பழக்கமுள்ளவர்கள், மின்கம்பியை உருவிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிக்கொண்டு, ராம் பலகைகளைக் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்தலாம். இரண்டு பலகைகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துச் சோதிக்கலாம். பழக்கமில்லாதவர்கள் இதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுவதே நன்று. ஆனால் ‘ராம் பலகையைக் கழற்றிச் சோதித்தீர்களா?’ என்று கேட்க யாருக்கும் பழக்கம் தேவையில்லை. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கலாகாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

சேஃப் மோடு என்னும் சாட்சி

வன்பொருள் சரியென்று தோன்றினால், அடுத்த கேள்வி மென்பொருளைப் பற்றியது. இங்கே நமக்கு நல்ல சாட்சியாக நிற்பது சேஃப் மோடு. மிகத் தேவையான இயக்கிகளை மட்டும் ஏற்றி, மற்ற அனைத்தையும் ஒதுக்கிவைத்து விண்டோஸ் தொடங்கும் முறை இது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை தொடக்கம் தடைபட்டால், விண்டோஸ் 10, 11 ஆகியவை தாமாகவே பழுதுநீக்கத் திரையைக் காட்டும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்-அப் செட்டிங்ஸ் என்ற வரிசையில் சென்று, மறுதொடக்கத்திற்குப் பின் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு கிடைக்கும்.

சேஃப் மோடில் கணினி நன்றாக எழுந்துவிட்டால் ஒரு பெரிய உண்மை தெரிந்துவிடுகிறது: வன்தட்டும் நினைவகமும் பெரும்பாலும் நலமே, பிற்காலத்தில் சேர்ந்த ஏதோ ஒரு மென்பொருளே தடை. அண்மையில் நிறுவியது எது என்று நினைவுகூர்ந்து அதை நீக்கலாம். ஒரே கணினியில் இரண்டு வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இருப்பது அடிக்கடி காணப்படும் காரணம். இரண்டு காவலர்கள் ஒருவரையொருவர் திருடனென்று பிடித்துக்கொள்வது போன்றது அது. அச்சுப்பொறியின் இயக்கி, கையொப்ப டோக்கனின் மென்பொருள் ஆகியவையும் விசாரிக்கப்பட வேண்டியவை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் ஸ்டார்ட்-அப் பகுதியில், கணினியோடு சேர்ந்து தொடங்கத் தேவையற்ற செயலிகளை நிறுத்திவைக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் என்ற வசதி உள்ளது. இதனால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி முழுமையாக அணைவதில்லை. அதன் நிலை வன்தட்டில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எடுக்கப்படுகிறது. நேற்றைய சிக்கல் இன்றும் தொடர்வது சில வேளைகளில் இதனால்தான். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் மட்டுமே முழுமையான புதுத் தொடக்கம் நிகழும். காலையில் மட்டும் உறையும் கணினிகளில் இந்த வசதியை நிறுத்திப் பார்ப்பது பயனுள்ள சோதனை.

ஒரு கோப்பை நீக்கினால் போதும் என்ற நிலையில் முழுக் கணினியையும் அழிப்பது எவ்வளவு பெரிய வீண்வேலை என்பதை உலகமே கண்ட நாள் ஒன்று உண்டு. 2024 ஜூலை 19 அன்று, கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பு ஒன்றால், உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையைக் காட்டி முடங்கின. இது மைக்ரோசாஃப்ட் அளித்த மதிப்பீடு. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அவை வீட்டுக் கணினிகளல்ல, பெரும்பாலும் நிறுவனங்களின் கணினிகள். ஆயினும் பாடம் நமக்கும் உரியது. அன்று கணினிகளை மீட்டவர்கள் அவற்றை ஃபார்மட் செய்து மீட்கவில்லை; சேஃப் மோடு அல்லது மீட்புத் திரையின் வழியே சென்று, பிழையான அந்த ஒரு கோப்பை நீக்கி மீட்டார்கள். இடத்தைக் கண்டறிந்ததே வைத்தியம்.

எது திரும்பும், எது திரும்பாது?

இவையெல்லாம் பயனளிக்காமல் போகலாம். வன்தட்டே நலிந்திருக்கலாம். ‘டிக், டிக்’ என்று வழக்கமில்லாத ஒலி எழுந்தால், அல்லது கோப்புகளைத் திறக்க ஒவ்வொரு முறையும் நெடுநேரம் ஆனால், பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டுத் தரவுகளை மீட்பதில் இறங்க வேண்டும். நலிந்த வன்தட்டை மீண்டும் மீண்டும் தொடங்கச் செய்வது அதன் எஞ்சிய ஆயுளையும் குடித்துவிடும். உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, விண்டோஸைத் தொடாமலேயே கோப்புகளை நகலெடுக்க முடியும். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தும் நகலெடுக்கலாம். எந்தப் பழுதுபார்ப்பவரும் செய்யக்கூடிய வேலைதான் இது, கேட்டால் செய்வார்கள்.

இங்கே வாடிக்கையாளர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கை தொலைந்தால் இணைய வங்கியிலோ கிளையிலோ மீண்டும் பெறலாம். தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கின் ஒப்புகை, வருமான வரித்துறையின் தளத்தில் நம் கணக்கிலேயே இருக்கிறது. ஓட்டுநர் உரிமம் போன்ற பல ஆவணங்கள் டிஜிலாக்கரில் கிடைக்கும். ஆகவே இவற்றுக்காகத் தரவு மீட்பு நிறுவனங்களுக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மகளின் முதற்பிறந்தநாள் படங்களையும், தாத்தாவின் குரல் பதிவையும் எந்த அலுவலகமும் மறுபடி வழங்காது. செலவும் கவலையும் அவற்றுக்கே உரியவை.

ஃபார்மட் செய்தபின்னும் தரவை மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை பலரிடம் உள்ளது. பழைய சுழலும் வன்தட்டுகளில், அதுவும் மேலோட்டமான ஃபார்மட்டாக இருந்தால், அது ஓரளவு உண்மை. இன்று பரவலாகிவிட்ட எஸ்.எஸ்.டி. வட்டுகளில் நிலைமை வேறு. அழிக்கப்பட்ட இடங்களை அவை தாமாகவே துடைத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையவை. அவற்றிலிருந்து மீட்பது பெரும்பாலும் இயலாது. அந்த நம்பிக்கையை இனிமேலும் சுமந்துகொண்டிருப்பது ஆபத்து.

மறைகுறியாக்கம் குறித்தும் எச்சரிக்கை தேவை. பல புதிய மடிக்கணினிகளில் பிட்லாக்கர் வகைப் பூட்டு தானாகவே இடப்பட்டிருக்கும். தொடக்கப் பழுதின்போது அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எண் இல்லையேல் தரவு இல்லை. கடைக்காரராலும் முடியாது, தயாரிப்பாளராலும் முடியாது. 2024 ஜூலை நிகழ்விலும் பல நிறுவனங்களில் மீட்புப் பணி தாமதமானதற்கு இந்த எண்ணைத் தேடவேண்டியிருந்ததும் ஒரு காரணம். கணினி நலமாக இருக்கும் இன்றைக்கே அந்த எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களுடன் வைத்துவிடுங்கள்.

அவசரம் திறக்கும் கதவு

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது இந்தப் பகுதியே. வழக்கமாக ஜூலை 31 வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். ஓய்வூதியர் ஒருவரின் கணினி ஜூலை 29 அன்று உறைந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பதற்றத்தில் கைபேசியை எடுத்து, கணினி நிறுவனத்தின் உதவி எண்ணை இணையத்தில் தேடுகிறார். தேடலில் முதலில் வரும் எண் அந்த நிறுவனத்தினுடையதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. எதிர்முனையில் பேசுபவர் இனிமையாகப் பேசி, கைபேசியிலோ கணினியிலோ தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவச் சொல்கிறார். பின்னர் ‘பத்து ரூபாய் பதிவுக் கட்டணம்’ கேட்கிறார். அந்தப் பத்து ரூபாயைச் செலுத்தும்போது திரையில் தட்டச்சாகும் ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. கணினிப் பழுது அங்கே சேமிப்புக் கணக்கின் பழுதாகிவிடுகிறது.

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டில், தேடுபொறியில் போலி உதவி எண்களை இட்டு ஏமாற்றுவதும், திரைப்பகிர்வுச் செயலிகள் மூலம் ஏமாற்றுவதும் தனித்தனியே விளக்கப்பட்டுள்ளன. உதவி எண்ணைக் கணினியின் ரசீது, உத்தரவாத அட்டை, அல்லது நிறுவனத்தின் சொந்த இணையதளம் ஆகியவற்றிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். ‘உங்கள் கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று முழுத்திரையில் அலறும் அறிவிப்பு, உண்மையில் உறைந்த கணினியே அன்று, பிரௌசரில் திறந்த ஒரு பக்கம் மட்டுமே. டாஸ்க் மேனேஜர் மூலம் பிரௌசரை மூடினால் அது மறைந்துவிடும். இயங்குதள நிறுவனம் எதுவும் பிழைச்செய்தியில் தொலைபேசி எண்ணை இடுவதில்லை.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொன்னது. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறையில்லாமல், வேறிடத்தில் நேர்ந்த குறையால் மோசடிப் பரிமாற்றம் நடந்து, வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தால், வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்றது அது. கடவுச்சொல், ஓ.டி.பி. போன்றவற்றை வாடிக்கையாளரே பகிர்ந்ததால் நேர்ந்த இழப்பாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பை அவரே ஏற்க வேண்டும் என்றது. ஆகவே அவசரத்தில் சொன்ன ஒரு ஆறிலக்க எண், நட்டம் யாருடையது என்பதையே மாற்றிவிடக்கூடும். அவ்வாறு நேர்ந்துவிட்டால் கூச்சப்பட்டு மறைக்காமல், உடனே வங்கிக்கும் 1930 என்ற தேசிய எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். விரைவாகச் சொன்ன பணமே வழியில் தடுத்து நிறுத்தப்படுகிறது.

கணினியைக் கடையில் விடும்போதும் இதே கவனம் வேண்டும். இணைய வங்கிக் கடவுச்சொல்லைக் கைபேசியிலிருந்தோ வேறு நம்பகமான கணினியிலிருந்தோ மாற்றிவிட்டுப் பின்னர் கணினியைக் கொடுங்கள். கடவுச்சொற்கள் எழுதிய கோப்பு மேசைத்திரையில் இருந்தால், கணினி இயங்கும் நாளிலேயே அதை அகற்றிவிடுங்கள். ரசீதில் கணினியின் வரிசை எண்ணையும் வன்தட்டின் கொள்ளளவையும் எழுதி வாங்குங்கள். பழைய வன்தட்டை மாற்றினால் பழையதைத் திரும்பக் கேளுங்கள். அது உங்கள் சொத்து.

கடைக்காரரின் பக்கமும் உண்டு

இத்தனை சொல்லிவிட்டு, பழுதுபார்ப்பவர்களை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. ஃபார்மட் செய்ய எவ்வளவு நேரமாகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். காரணத்தைத் தேடுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது. காரணம் தேடும் இரண்டு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிக்கிறார். ஃபார்மட்டுக்குக் கேட்டால் கொடுத்துவிடுகிறார். மாலைக்குள் வேண்டும் என்று வற்புறுத்துவதும் நாம்தான். மருத்துவரிடம் ஆலோசனைக் கட்டணம் கொடுக்கத் தயங்காத நாம், கணினியின் நோயறிதலுக்கும் நியாயமான கட்டணம் கொடுக்கப் பழகினால், கடைகளின் வழக்கமும் மாறும். உண்மையிலேயே நச்சுநிரல் வேரூன்றிய கணினிகளுக்கு ஃபார்மட்டே சரியான தீர்வு என்பதையும் மறுப்பதற்கில்லை. அதை முடிவாகச் செய்யுங்கள், தொடக்கமாக வேண்டாம் என்பதே எங்கள் வாதம். அந்த முடிவுக்கு முன்பும், தனிப்பட்ட கோப்புகளை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் புதுப்பிக்கும் ‘ரீசெட்’ வழி விண்டோஸிலேயே இருக்கிறது.

‘புதிது வாங்கிவிடுங்கள்’ என்ற தீர்ப்பையும் ஆராய வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கணினியில் வங்கிப் பணி செய்வது நல்லதன்று என்பதை வங்கியாளர்களான நாங்கள் வலியுறுத்தியே ஆகவேண்டும். ஆனால் ஆதரவு முடிந்ததும், தொடக்கத்தில் உறைவதும் வேறு வேறு. சுழலும் வன்தட்டுக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தி, நினைவகத்தைச் சற்று உயர்த்தி, லினக்ஸ் நிறுவினால் பழைய கணினி பிள்ளைகளின் படிப்புக்கு இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மத்திய நுகர்வோர் விவகாரத்துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். பழுதுபார்ப்பில் குறையிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். உண்மையிலேயே கழிக்க வேண்டிய கணினியை, வன்தட்டைக் கழற்றிக்கொண்டு, பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின் நோக்கமும் அதுவே.

இன்றே செய்ய வேண்டியது

சேமிப்பைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் நாங்கள் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். தரவுக்கும் அதுவே விதி. மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது கணினித் துறையில் வழங்கும் எளிய கணக்கு. கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையச் சேமிப்பிலோ வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டிலோ ஒன்று. வெளி வன்தட்டை எப்போதும் செருகியே வைக்கக்கூடாது; செருகியிருந்தால் நச்சுநிரலுக்கு அதுவும் சேர்ந்தே இரையாகும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்கினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இந்த நகல்கள் கையில் இருக்கும் குடும்பத்துக்கு, தொடக்கத்தில் உறைந்த கணினி ஓர் இடைஞ்சல் மட்டுமே. அவர்களால் அரை மணி நேரம் பொறுத்திருக்க முடியும்; செருகியவற்றைக் கழற்றிப் பார்க்க முடியும்; கடைக்காரரிடம் ‘எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தீர்களா?’ என்று அமைதியாகக் கேட்க முடியும். முகமறியாத குரல் ஒன்று ஓ.டி.பி. கேட்கும்போது தொலைபேசியை வைத்துவிடவும் முடியும். இழப்பதற்கு ஒன்றுமில்லை என்ற நிலையே நிதானத்தைத் தருகிறது. அந்த நிலையைக் கணினி நன்றாக இயங்கும் நாளில்தான் உண்டாக்கிக்கொள்ள முடியும்.